சிறைக் கதவைத் திறந்த பொட்டாசியம்

2010-ல் வந்த ‘தி நெக்ஸ்ட் த்ரீ டேஸ்’ படம் எனக்கு ஒரு ரசிகனாகவும் ஏமாற்றம் தந்தது, சிறுநீரக மருத்துவனாகவும் ஏமாற்றம் தந்தது. ஆனாலும் அதைப் பற்றி எழுத ஒரு நல்ல காரணம் இருக்கிறது. கதையின் முக்கிய முடிச்சைச் சொல்லித்தான் எழுத முடியும். படம் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு கல்லூரி ஆசிரியர். மேலதிகாரியைக் கொலை செய்ததாக அவர் மனைவிக்குச் சிறைத் தண்டனை. சட்ட வழிகள் எல்லாம் அடைபட்டபின், மனைவியைத் தானே சிறையிலிருந்து வெளியே கொண்டுவரத் திட்டமிடுகிறார். பூட்டைத் திறக்கக்கூட இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொள்ளும் அளவுக்குச் சாதாரண மனிதர் அவர். கதையின் உயிரே அந்தச் சாதாரணத்தனம்தான். இவரால் முடியுமா என்ற சந்தேகம் நமக்குக் கடைசிவரை இருக்க வேண்டும்.

அந்த வேடத்துக்கு ரஸ்ஸல் குரோவைப் போட்டிருக்கிறார்கள். நல்ல நடிகர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 2000-ல் வந்த ‘கிளாடியேட்டர்’ படத்தில் ரோமானிய வீரராக வாளேந்தி நின்று ஆஸ்கர் வாங்கியவர். அந்தத் தோளையும் நடையையும் பார்த்தபின் போதைமருந்து விற்பவர்களிடம் அவர் கொள்ளையடிக்கப் போகும்போது நமக்குப் பதற்றமே வரவில்லை. இவர் ஜெயித்துவிடுவார் என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. 2008-ல் வந்த பிரெஞ்சு மூலப் படத்தில் வின்சென்ட் லிண்டன் நடித்தார். அவர் முகத்தில் தெரியும் களைப்பே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இயக்குநர் பால் ஹாகிஸ் அதே கதையை இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீட்டி, அந்தப் பயத்தைத் தொலைத்துவிட்டார்.

சரி, மருத்துவத்துக்கு வருவோம். கதையில் மனைவி ஒரு நீரிழிவு நோயாளி. ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறிவிட்டது என்று காட்டும்படி, கணவர் அவருடைய பரிசோதனை முடிவை மாற்றி வைக்கிறார். சிறையிலிருந்து அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்துதான் தப்பிக்கும் படலம் தொடங்குகிறது.

கதாசிரியர் சரியான நோயைத்தான் பிடித்திருக்கிறார். இன்சுலின் என்பது சர்க்கரைக்கு மட்டுமான விஷயம் இல்லை. ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளுவதும் அதுதான். இன்சுலின் போதாமல் போனால் பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கும், நீரிழிவால் சிறுநீரகமும் கெட்டிருந்தால் வெளியேறவும் வழியில்லை. அந்த மாதிரி ஒரு எண்ணைப் பார்த்தால் எந்த மருத்துவரும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல மாட்டார்.

படம் கோட்டை விடுவது அதற்குப் பிறகு. இப்படி ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் முதலில் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் ஈசிஜி எடுப்போம், கூடவே ரத்தத்தை மறுபடி எடுத்து அனுப்புவோம். பொட்டாசியம் பொய் சொல்லக்கூடிய பரிசோதனை என்பது எங்களுக்குத் தெரியும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலோ, கையை நெடுநேரம் இறுக்கிக் கட்டினாலோ, மாதிரி ஆய்வகத்துக்குப் போகத் தாமதமானாலோ எண் ஏறிக் காட்டும். ரத்த வாயுப் பரிசோதனைக் கருவியில் சில நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும். திரைக்கதையில் மிகப் பெரிய பதற்றம் அந்தச் சில நிமிடங்களில்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு வருத்தம் அதுதான்.

நிஜ வாழ்க்கையில் நான் பார்ப்பது இதற்கு நேர் எதிரானது. ரிப்போர்ட் உண்மையாக இருக்கும், நோயாளிதான் நம்ப மாட்டார். ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வரும்: பொட்டாசியம் 6.8, உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்று. அவர் அப்போது வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். “நான் நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இந்த ராத்திரியில?” என்று கேட்பார். எல்லா ஊரிலும் சிறுநீரக மருத்துவர்கள் கேட்கும் வாக்கியம் அது.

சாதாரண அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. 6.5-ஐத் தாண்டினால் அவசரநிலை. சிலருக்குக் கால்கள் துவளும், உடல் மரத்துப்போகும், நெஞ்சு படபடக்கும். பலருக்கு எதுவுமே தெரியாது. இதயத்தின் மின்னோட்டம் குலைந்து, நாடி மெதுவாகி, முதல் அறிகுறியாகவே இதயம் நின்றுபோகலாம். அமெரிக்கச் சிறைகளில் விஷ ஊசி மூலம் மரண தண்டனை நிறைவேற்றும் முறை 1982-ல் டெக்சாஸில் தொடங்கியது. அந்த முறையில் இதயத்தை நிறுத்தக் கடைசியாகச் செலுத்திய மருந்து பொட்டாசியம் குளோரைடுதான். சிறையைப் பற்றிய படத்தில் இந்த உப்பு வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

இதில் இன்னொரு சிக்கல். ஈசிஜி வரைபடத்தில் டி அலை என்ற மேடு கூராக உயர்வதும், பிறகு அலைகள் அகன்றுபோவதும் பாடப்புத்தக அடையாளங்கள். ஆனால் பொட்டாசியம் மிக அதிகமாக இருந்தும் ஈசிஜி ஒழுங்காகத் தெரியும் நோயாளிகள் உண்டு. ஆகவே “ஈசிஜி நார்மல், வீட்டுக்குப் போகலாமா?” என்று கேட்டால் என் பதில் இல்லை என்பதுதான்.

யார் கவனமாக இருக்க வேண்டும்? சிறுநீரகம் பழுதானவர்கள், நீண்டகால நீரிழிவு உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள். அப்புறம் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் சில மருந்துகளைச் சாப்பிடுபவர்கள். ராமிபிரில், எனாலபிரில், டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாமே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. இவை நல்ல மருந்துகள், உயிர் காப்பவை. பிரச்சினை ரத்தப் பரிசோதனை இல்லாமல் சாப்பிடுவதில். 1999-ல் ஸ்பைரோனோலாக்டோன் இதயச் செயலிழப்பு நோயாளிகளின் ஆயுளைக் கூட்டுகிறது என்று ஓர் ஆய்வு வந்தது. உடனே கனடாவின் ஒன்டாரியோவில் அந்த மருந்தைப் பரவலாக எழுதத் தொடங்கினார்கள். அந்த நோயாளிகளில் பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-ல் ஆயிரத்துக்கு 2.4 பேர். 2001-ல் 11 பேர். இறப்புகளும் கூடின. இந்தக் கணக்கு 2004-ல் வெளிவந்தது. இன்றும் அந்த மருந்தை எழுதும்போதெல்லாம் அடுத்த பரிசோதனைத் தேதியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் மூட்டுவலிக்கு இபுபுரூபனோ டைக்ளோபினாக்கோ தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்தை இரட்டிப்பாக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடல் வறண்டால் அன்றே மருத்துவரைக் கேளுங்கள், சில மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லலாம். கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். 2025-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த வகை உப்பைப் பொதுவாகப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கியே வைத்தது. பாக்கெட்டில் ‘இதயத்துக்கு நல்லது’ என்று போட்டிருந்தாலும் உங்கள் சிறுநீரகத்தின் நிலையைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று: வாரம் 3 முறை செய்பவர்களுக்கு நடுவில் ஒரு நீண்ட இடைவெளி வரும். அந்த இடைவெளியின் முடிவில் மரணம் அதிகம் என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. அந்த இடைவெளியை ஒட்டி வரும் டயாலிசிஸைத் தவறவிடுவது மிகவும் ஆபத்தானது.

மருத்துவமனையில் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். முதலில் கால்சியம் ஊசி. அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தை அரை மணியோ ஒரு மணியோ காத்து நிற்கும், அவ்வளவுதான். அடுத்து குளுக்கோஸோடு இன்சுலின், ஆஸ்துமாவுக்குத் தரும் சால்பியூட்டமால் ஆவி. இவை பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளி ஒளித்துவைக்கின்றன. சில மணி நேரத்தில் அது திரும்பி வெளியே வரும். உடலைவிட்டு நிஜமாகவே வெளியேற்றுவது சிறுநீர், மலம், டயாலிசிஸ் ஆகிய வழிகளில்தான். எண் இறங்கிவிட்டது என்று சொன்னதும் பாதியில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கிளம்பாதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸ் மறுபடி ரத்தம் எடுக்க வந்தால், எத்தனையாவது முறை என்று எண்ணாமல் கையை நீட்டுங்கள்.