பில் இல்லாத டைமிங் பெல்ட்

எங்க சித்தப்பா ஒரு டீசல் கார் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினாரு. ஒன்பது வருஷ வண்டி, மீட்டர்ல 72,000 கிலோமீட்டர், பாடி பளபளன்னு இருந்துச்சு, டயரும் புதுசு. மூணாவது மாசம் உளுந்தூர்பேட்டை தாண்டி போயிட்டிருக்கும்போது இன்ஜின் பட்டுன்னு ஆஃப் ஆயிடுச்சு, முன்னாடி ஒரு சத்தம் இல்ல, புகை இல்ல, டேஷ்போர்டுல ஒரு லைட்டும் எரியல. ஓரங்கட்டிட்டு திரும்ப சாவியைத் திருப்பினா செல்ஃப் மட்டும் வழக்கத்தை விட லேசா விர்ர்ர்னு சுத்துது, ஏன்னா உள்ள கம்ப்ரஷனே இல்ல, அதாவது பிஸ்டன் காத்தை அமுக்குற அழுத்தம். டோ பண்ணி கொண்டுபோய் கவரைக் கழட்டினா டைமிங் பெல்ட்ல அஞ்சாறு பல்லு வரிசையா வழிச்சு எடுத்த மாதிரி காணோம். இன்ஜினோட மேல் பாகமான ஹெட்டை இறக்கினப்போ நானும் பக்கத்துல நின்னேன். ஒவ்வொரு பிஸ்டன் தலையிலயும் பிறை நிலா மாதிரி ஒரு வெட்டு, வால்வு வந்து இடிச்ச தடம்.

இது ஏன் இப்படி ஆகுதுன்னா, சிலிண்டருக்குள்ள பிஸ்டன் மேல ஏறி வர்ற இடமும், காத்தையும் புகையையும் உள்ள வெளிய விடுற வால்வு கீழ இறங்குற இடமும் பல இன்ஜின்ல ஒரே இடம்தான், வேற வேற நேரத்துல வந்து போகும். ஒரே உரல்ல ரெண்டு பேர் மாத்தி மாத்தி உலக்கை போடுற மாதிரி நெனச்சுக்கோங்க, தாளம் ஒரு தடவை தப்பினா உலக்கையும் உலக்கையும் மோதும். அந்தத் தாளத்தை பிடிச்சு வச்சிருக்கறதுதான் டைமிங் பெல்ட். பிஸ்டன் சுத்தி விடுற தண்டு கிராங்க், வால்வைத் திறக்கற தண்டு கேம் ஷாஃப்ட். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தணும், அதனால கேம் சக்கரத்துல பல்லு கிராங்க் சக்கரத்தை விட சரியா ரெண்டு மடங்கு இருக்கும். டீசல்ல கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது காத்தை எத்தனை மடங்கு அமுக்குதுங்கறது, ரொம்ப அதிகம், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேல இடமே இருக்காது, அதனால பெல்ட் போனா வால்வு தப்பிக்கறது கஷ்டம். சில பழைய பெட்ரோல் இன்ஜின்ல இடம் விட்டு டிசைன் பண்ணிருப்பாங்க, அதுல வண்டி நிக்கும், அவ்வளவுதான்.

இந்த பெல்ட் எவ்வளவு வேலை பாக்குதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 3,000 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 3,000 சுத்துல, கிராங்க் செகண்டுக்கு 50 சுத்து. கிராங்க் சக்கரத்துல 20 பல்லுன்னு வச்சுக்கிட்டா ஒரு செகண்டுல ஆயிரம் பல்லு அதைக் கடந்து போகுது, அதுல ஒரு பல்லு மாறினாக்கூட டைமிங் போச்சு. 1962ல ஜெர்மனில கிளாஸ் 1004ங்கற சின்ன கார்ல இந்த பல்லு வச்ச ரப்பர் பெல்ட்டை உற்பத்திக்கு கொண்டுவந்தாங்க, அதுவரைக்கும் செயினும் கியரும்தான். பெல்ட் சத்தம் போடாது, விலை கம்மி, ஆயில் வேண்டாம், அதனால மத்தவங்களும் எடுத்துக்கிட்டாங்க.

வெளிய பாக்கறதுக்கு ரப்பர்தான், ஆனா இழுவையைத் தாங்குறது உள்ள ஓடுற கண்ணாடி இழை கயிறு. பல்லு மேல நைலான் துணி ஒட்டிருக்கும். சக்கரத்தை சுத்தி வரும்போதெல்லாம் அந்த இழை வளையுது நிமிருது, லட்சக்கணக்கான தடவை இல்ல, கோடிக்கணக்குல. கூடவே இன்ஜின் சூடு ரப்பரை இறுக வைக்கும், கிராங்க் ஆயில் சீல் கசிஞ்சா ஆயில் பட்டு பெல்ட் ஊறிப்போகும். வெடிப்பு, பளபளப்பு, ஓரத்துல நூல் பிரியறது இதெல்லாம் தெரிஞ்சா உடனே மாத்தணும், ஆனா எதுவும் தெரியலங்கறதால பெல்ட் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல, உள்ள இழை அறுந்திருந்தா கண்ணுக்கு தெரியாது. டைமிங் செயின் தேஞ்சா பெரும்பாலும் கரகரன்னு சொல்லும், பெல்ட் சொல்லாமலே போயிடும்.

அதனாலதான் கம்பெனிக்காரங்க கிலோமீட்டரும் வருஷமும் ரெண்டையும் போடுறாங்க, எது முதல்ல வருதோ அது. பல வண்டிக்கு 60,000ல இருந்து 1,00,000 கிலோமீட்டருக்குள்ள எங்கயாவது இருக்கும், உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதான் கணக்கு. செகண்ட் ஹேண்ட் வண்டில மீட்டரை நம்பி உக்காராதீங்க. மீட்டரை குறைச்சு விக்கறவங்க ஒரு பக்கம், உண்மையான மீட்டரே முழுசா சொல்லாதுங்கறது இன்னொரு பக்கம். ஏசி போட்டுக்கிட்டு சிக்னல்லயும் நிழல்லயும் ஒரு மணி நேரம் ஐட்லிங்ல நின்னா 800 ஆர்பிஎம்ல கிராங்க் 48,000 சுத்து சுத்திருக்கும். 50 கிலோமீட்டர் வேகத்துல 1,800 ஆர்பிஎம்ல போனா அவ்வளவு சுத்துக்கு 22 கிலோமீட்டர் ஓடியிருப்பீங்க, ஆனா நின்ன வண்டி மீட்டர்ல பூஜ்யம். டாக்ஸியா ஓடின வண்டிக்கு இது நிறைய வித்தியாசம் பண்ணும். பழைய 2.5 டீசல் இன்னோவால டி-பெல்ட்னு ஒரு லைட்டே இருக்கு, அது கூட கிலோமீட்டரை எண்ணுற கவுண்டர்தான், பெல்ட்டைத் தொடாமலே ரீசெட் பண்ணிடலாம், லைட் எரியலன்னா மாத்திட்டாங்கன்னு எடுத்துக்காதீங்க.

என்னோட முடிவு இதுதான்: வண்டில பெல்ட்டா செயினான்னு முதல்ல பாருங்க, ஸ்விஃப்ட் 1.3 டீசல் மாதிரி செயின் வண்டின்னா இந்த செலவு இல்ல. பெல்ட் வண்டி, தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில் கையில இல்ல, அப்படின்னா அந்த பெல்ட் மாத்தினதே இல்லன்னு வச்சுக்கிட்டு வாங்கின வாரமே மாத்திடுங்க. வண்டி விலை பேசும்போதே இந்த செலவை கழிச்சுப் பேசுங்க. சித்தப்பா ஹெட் வேலைக்கு குடுத்தது பெல்ட் செலவை விட பல மடங்கு.

மாத்தும்போது பெல்ட்டோட, அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், அதுக்கு வழிகாட்டுற ஐட்லர் பேரிங் எல்லாம் சேர்த்து ஒரே செட்டா போடுங்க, வாட்டர் பம்ப் அதே பெல்ட்ல ஓடுற வண்டின்னா அதையும், பழைய பேரிங் ஜாம் ஆனா புது பெல்ட்டும் சேர்ந்து போகும். புது பெல்ட்டை கையில வச்சு மடக்கவோ முறுக்கவோ விடாதீங்க, கண்ணாடி இழை அங்கயே ஒடியும். சக்கரங்கள்ல இருக்கற டைமிங் மார்க், அதாவது அடையாளக் கோடு, சேர்த்து பெல்ட் போட்டதும் நேரா செல்ஃப் அடிக்காம, கிராங்க்கை ஸ்பேனர் போட்டு கையாலயே ரெண்டு முழு சுத்து சுத்தச் சொல்லுங்க, எங்கயாவது இடிச்சா கையிலயே தெரியும், இடிக்கலன்னாலும் மார்க் திரும்ப சேரணும். அதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம். சித்தப்பா வண்டி வேலை முடிஞ்ச அன்னிக்கு எங்க மெக்கானிக் பெல்ட் கவர் மேல ஒரு துண்டு டேப் ஒட்டி, மார்க்கர்ல தேதியும் கிலோமீட்டரும் எழுதிட்டாரு.