ஐரோப்பாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ்: அட்வான்ஸ் கட்டும் முன் வங்கிக்கு ஒரு நடை வாருங்கள்

வடசென்னையில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கல்விக்கடன் ஃபைல்களைப் பார்ப்பது என் வேலை. பெரம்பூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வருகிறார்கள். முன்பெல்லாம் வெளிநாட்டுப் படிப்பு என்றால் அமெரிக்கா, அதை விட்டால் இங்கிலாந்து. இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவர்கள் ஜெர்மனி, நெதர்லாந்து, அயர்லாந்து, இத்தாலி என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் எங்களிடம் வரும்போது நாடு முடிவாகி, பல்கலைக்கழகம் முடிவாகி, அட்வான்ஸும் கட்டி முடிந்திருக்கும். லோன் மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்தில் நாங்கள் என்ன சொன்னாலும், கடன் கொடுக்க மனமில்லாமல் சொல்வதாகத்தான் அவர்களுக்குத் தோன்றும்.

போன வருடம் ஒரு அம்மா தன் மகனோடு வந்தார். பையன் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், நல்ல மார்க். கையில் பெர்லினில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் கடிதம். நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா கேட்டார்: "ஜெர்மனில ஃபீஸே கிடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. இவனுக்கு மட்டும் இன்னாத்துக்கு சார் பதினாலு லட்சம் போட்டுக்கீறாங்க?"

பையன், "அது வேற காலேஜும்மா" என்றான். அந்த அம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி. அதை கன்சல்டன்சி வாசலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களிடம் கல்விக்கட்டணம் வாங்குவதில்லை. செமஸ்டருக்கு 100 முதல் 400 யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. தனியார் பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்குகின்றன. பிள்ளையைச் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுக்கு அதிலிருந்து கமிஷன் போகிறது. அரசுப் பல்கலைக்கழகம் யாருக்கும் கமிஷன் தருவதில்லை. எங்கள் சேவை இலவசம் என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் உங்கள் பிள்ளைக்கு எந்தப் பட்டியல் கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். தனியார் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அரசு அங்கீகாரம் பெற்றவையும் அங்கே இருக்கின்றன. ஆனால் கட்டணமில்லாத இடத்தில் கிடைக்கக்கூடிய மார்க்கை வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூட அங்கே விண்ணப்பிக்காமல் பதினாலு லட்சம் கட்டக் கிளம்புவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அட்மிஷன் கடிதத்தின் முதல் பக்கத்தில் லோகோவும் வாழ்த்தும் இருக்கும். நான் எப்போதும் கடைசிப் பக்கங்களிலிருந்துதான் படிப்பேன். நாமாகப் பின்வாங்கினால் அட்வான்ஸ் திரும்ப வருமா, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், வகுப்பு நேரடியாக நடக்குமா இணைய வழியிலா, எல்லாம் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். வகுப்பு நடக்கும் விதத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2025-இல் பெர்லினில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் படித்த இந்திய மாணவர்கள் சிலருக்கு, படிப்பு பெரும்பாலும் இணைய வழியில் நடக்கிறது, அதற்கு நாட்டில் தங்கியிருக்கத் தேவையில்லை என்று சொல்லி வதிவிட அனுமதி மறுக்கப்பட்டது. லோன் போட்டு, விமானம் ஏறி, அங்கே வாடகைக்கு வீடும் எடுத்த பிறகு வரும் செய்தி அது.

சரி, அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். எல்லாமே இலவசம் என்ற பேச்சையும் அப்படியே நம்பக்கூடாது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஃப்ரைபுர்க் எல்லாம் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது. முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. இன்னும் பலர் மியூனிக்கை இலவசம் என்று நினைத்துத்தான் கனவு காண்கிறார்கள். அதே நேரத்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டியிருக்கும் சார்ப்ரூக்கன் நகரத்தின் பெயரை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆய்வில் உலகம் அறிந்த மேக்ஸ் பிளாங்க் இன்ஃபர்மேட்டிக்ஸ் நிறுவனமும், செயற்கை நுண்ணறிவுக்கான டி.எஃப்.கே.ஐ. மையமும் அங்கே பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கின்றன. பெரிய நகரத்தின் பெயருக்காக மியூனிக் வாடகையைக் கொடுப்பதைவிட ஆகன், டார்ம்ஸ்டாட், கைசர்ஸ்லாவ்டர்ன் போன்ற ஊர்களையும் பாருங்கள். டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளைத் தேடலாம். கட்டணமும் கடைசித் தேதியும் அதிலேயே இருக்கும். யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

அங்கே இடம் கிடைப்பது எதை வைத்து? முதலில் மார்க். ஜெர்மனியில் 1.0 உயர்ந்த மதிப்பெண், 4.0 பாஸ். நம் சி.ஜி.பி.ஏ.வை மாற்ற ஒரு கணக்கு இருக்கிறது. பத்திலிருந்து உங்கள் சி.ஜி.பி.ஏ.வைக் கழியுங்கள். பத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். பாஸ் 5 என்றால் 8.0 எடுத்தவருக்கு 2.2 வரும், 7.5 எடுத்தவருக்கு 2.5. பல படிப்புகள் 2.5-க்குள் கேட்பதால் இந்த ஒரு கணக்கே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்தது, மார்க்கைவிட முக்கியமானது, நீங்கள் என்னென்ன பாடங்கள் படித்தீர்கள் என்பது. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பட்டத்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. கணிதத்தில் இத்தனை கிரெடிட், தியரி பக்கத்தில் இத்தனை, சிஸ்டம்ஸ் பக்கத்தில் இத்தனை என்று கேட்கிற இடங்கள் நிறைய. 8.5 வைத்திருந்தும் இதில் தட்டிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போடச் சொல்வேன். இடது பக்கம் அந்தப் பல்கலைக்கழகம் கேட்கும் பாடங்கள். வலது பக்கம் தான் படித்த டிஸ்கிரீட் மேத்ஸ், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், அல்காரிதம்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், கம்பைலர் டிசைன், ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிரெடிட் என்று. வலது பக்கம் எங்கே காலியாக இருக்கிறதோ அந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது வீண். ஐரோப்பாவில் ஒரு வருடப் படிப்புக்கு 60 கிரெடிட் என்பது கணக்கு; நம் நான்கு வருட பி.இ.யின் கிரெடிட்டுகளை அவர்கள் தங்கள் முறைக்கு மாற்றித்தான் பார்ப்பார்கள். அதனால் சிலபஸ் பிரதியை முழுதாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூன்று வருடப் பட்டத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம், பதில் போடுவார்கள்.

இனி என் மேஜைக்கு வரும் விஷயம். ஜெர்மன் மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று முடக்கி வைத்த கணக்கில், ஒரு வருடச் செலவுக்கான பணம் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 12 லட்சம். இது கட்டணம் கிடையாது, உங்கள் பிள்ளையின் பணம்தான். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக அவர் கைக்கு வரும். இதைக் கட்டணம் என்று நினைத்து, ஜெர்மனியும் தனியார் மாதிரிதானே என்று முடிவு செய்தவர்கள் உண்டு. தனியாரில் சேர்ந்தாலும் கட்டணத்துக்கு மேல் இதையும் காட்டியே ஆக வேண்டும்.

பொதுத்துறை வங்கிகளில் பொதுவாக 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கல்விக்கடன் கிடைக்கும். அதற்கு மேல் போனால் சொத்து கேட்போம். சில வங்கிகள் தேர்ந்தெடுத்த சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் அடமானம் இல்லாமலே அதிகம் தருகின்றன. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். நம் பக்கத்தில் சொத்து என்ற இடத்தில்தான் பலருக்குக் கதவு அடைபடுகிறது. வீடு இருக்கும், முப்பது வருடமாக வரியும் கட்டியிருப்பார்கள். ஆனால் கையில் இருப்பது குடிசை மாற்று வாரிய ஒதுக்கீட்டு ஆணை. கிரயப் பத்திரம் இருக்காது. அல்லது தாத்தா பெயரில் இருக்கும் வீட்டுக்கு ஐந்து வாரிசுகள், பாகப்பிரிவினை ஆகியிருக்காது. அதை வைத்து எந்த வங்கியும் கடன் தர முடியாது. கட்டணம் இல்லாத படிப்பாக இருந்தால் 7.5 லட்சக் கடனும், வீட்டில் சேர்த்த நாலைந்து லட்சமும் சேர்ந்து கிளம்பிவிடலாம். கட்டணமும் சேர்ந்த படிப்பாக இருந்தால் 25 லட்சம் தாண்டும். பத்திரம் இல்லாத குடும்பம் அதிக வட்டிக்குத் தனியார் நிதி நிறுவனத்திடம்தான் போய் நிற்கும். எங்கள் பகுதிக்கு அரசுப் பல்கலைக்கழகம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று, அப்பா அல்லது அம்மா இந்தக் கடனில் கூட்டுக் கடனாளி. அவர்களுடைய சிபில் ரிப்போர்ட்டை, அதாவது பழைய கடன்களை எப்படிக் கட்டினார்கள் என்ற பதிவை, பார்ப்போம். எப்போதோ வாங்கிய செல்போன் தவணையை, பைக் லோனை, குறைந்த தொகைக்குப் பேசி முடித்து செட்டில்மென்ட் செய்திருந்தால் அது அதில் நிற்கும். கடைசி நேரத்தில் இது தெரியவந்து ஃபைல் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. வருடத்துக்கு ஒரு முறை ரிப்போர்ட்டை இலவசமாக எடுக்கலாம், முன்பே எடுத்துப் பாருங்கள்.

இரண்டாம் வருடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது செலவுக்குப் பணம் இருப்பதை மறுபடியும் காட்ட வேண்டும். பகுதிநேர வேலை செய்யலாம். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி உண்டு. 2026 ஜனவரி முதல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. ஆனால் முதல் செமஸ்டரிலேயே வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். மருத்துவக் காப்பீடு கட்டாயம், அது தனிச் செலவு. முதல் வருடத்தை வேலையை நம்பாமல் ஓட்ட முடிய வேண்டும்.

வேலைக்கு மொழி வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வீட்டு உரிமையாளர், மருத்துவர், சின்ன ஊர்க் கம்பெனி எல்லாம் ஜெர்மன்தான். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தருகிறார்கள்; அந்த 18 மாதமும் மொழி தெரியாதவருக்கு வேகமாக ஓடிவிடும். ஜெர்மன் சொல்லித்தரும், நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டில் மூன்றாம் வருடமே ஏ1 என்ற தொடக்க நிலையில் சேர்ந்து, கிளம்பும் முன் பி1 என்ற இடைநிலையை முடித்துவிடச் சொல்கிறேன்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நார்வே 2023 வரை எல்லோருக்கும் இலவசமாக இருந்தது, இப்போது நமக்குக் கட்டணம் உண்டு. ஸ்வீடன், பின்லாந்து, நெதர்லாந்து எல்லாம் நம்மிடம் கட்டணம் வாங்குபவை. இத்தாலியைக் குறைந்த வருமானக் குடும்பங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் குறையும். மாநில அளவிலான உதவித்தொகையும் உண்டு. ஆனால் அந்தப் பணம் போய்ச் சேர்ந்த பிறகு தவணையாகத்தான் வரும், முதல் சில மாதச் செலவு கையில் இருக்க வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைக்கு முயற்சி செய்யட்டும். இரண்டு மூன்று நாடுகளில் படிக்கலாம், உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் போக மாதம் 1,400 யூரோ வருகிறது. போட்டி கடுமைதான். பட்டியலின மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. தமிழ்நாடு ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவுகிறது. கடனுக்கு முன் இந்தக் கதவுகளைத் தட்டுங்கள். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமலே எங்களிடம் வருபவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

காலக்கெடு விஷயம். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது. பல இடங்களில் ஜூலை 15 கடைசித் தேதி என்றாலும் ஆங்கிலவழிப் படிப்புகளில் நிறைய அதற்கு முன்பே மூடிவிடும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு, நம் மார்க் ஷீட்டுகளையும் பட்டத்தையும் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் இல்லாமல் விசா கிடையாது. 18,000 ரூபாய் கட்டணம், கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே ஏழாவது செமஸ்டரில் இருப்பவர்கள் மார்க் ஷீட்டுகளை இப்போதே ஒழுங்குபடுத்தி ஏ.பி.எஸ். வேலையைத் தொடங்கிவிடலாம். அப்போதே உங்கள் பகுதி வங்கிக்கும் ஒரு நடை போங்கள். அட்மிஷன் கடிதம் இல்லாமல் வரலாமா என்று தயங்குகிறார்கள், தாராளமாக வரலாம். மார்க் ஷீட், பெற்றோரின் சிபில் ரிப்போர்ட், வீட்டுக் காகிதம் என்ன இருக்கிறதோ அது, மனதில் உள்ள பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும், உட்கார்ந்து பேசலாம்.