பூஸ்டர் வாங்கும் முன் மாடிக்குப் போய் கனெக்டரைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் போதும், வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை டிஷ் வைத்த வீடுகளில் ஒரே புகார்: "படம் கட்டம் கட்டமா உடையுது, பூஸ்டர் போட்டும் சரியாகல." போட்டும்! அதாவது மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்பே ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில், சிக்னலைப் பெருக்கும் அந்தப் பூஸ்டருக்குக் காசைக் கொட்டியாயிற்று.

பொறுமையாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி, எல்.என்.பி., அதுவே ஒரு பூஸ்டர்தான். வானத்திலிருந்து வரும் சிக்னலை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கி, 50 டெசிபெல், அதாவது ஒரு லட்சம் மடங்கு பெருக்கித்தான் கீழே அனுப்புகிறது. அதற்குப் பிறகும் படம் உடைகிறது என்றால் பெரும்பாலும் கெட்டிருப்பது அளவு அல்ல, தரம். இரைச்சல் கலந்த சிக்னலை பூஸ்டரில் விட்டால் இரைச்சலும் கூடவே பெருகும். பூஸ்டர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். பக்கிங்காம் கால்வாய்த் தண்ணீரை எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வைத்து டேங்கில் ஏற்றினாலும் குடிக்க முடியுமா?

செட்டாப் பாக்ஸ் மெனுவில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள் இருக்கும். பூஸ்டர் போட்டதும் முதல் கோடு ஏறும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் படம் வருவதும் போவதும் இரண்டாவது கோட்டை வைத்துத்தான். டிஷ்ஷைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாலும் முதல் கோட்டை அமர்க்களமாகக் காட்டும் பெட்டிகள் உண்டு. பூஸ்டருக்கு நியாயமான இடம் ஒன்றே ஒன்று: அடுக்குமாடியில் கேபிள் 40, 50 மீட்டர் ஓடும்போது. அங்கேயும் அதை எல்.என்.பி. பக்கத்தில் போட வேண்டும், டிவிக்குப் பின்னால் அல்ல.

நிஜக் குற்றவாளி பெரும்பாலும் எல்.என்.பி.யின் அடியில் திருகியிருக்கும் எஃப் கனெக்டர், அதாவது கேபிள் முனையில் உள்ள உலோக இணைப்பு. நம் பகுதியில் உப்புக் காற்று சும்மா விடாது. டிஷ்ஷிலிருந்து இறங்கும் சாதாரண ஆர்.ஜி.6 வகைக் கேபிளின் நடுக்கம்பி முழுச் செம்பு இல்லை, செம்பு பூசிய இரும்பு. கத்தி பட்டு பூச்சு கீறினால் அங்கே துரு. வெளிவலை அலுமினியம், உப்பு ஈரம் ஏறினால் வெள்ளைப் பொடியாகிவிடும். அந்தப் பொடியைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டாதீர்கள். அரை அடி வெட்டி எறியுங்கள். வெட்டிய இடத்திலும் வலை கறுத்திருந்தால் தண்ணீர் உள்ளே ஓடியிருக்கிறது, கேபிளையே மாற்றுங்கள்.

புது கனெக்டர் போடும் முன் செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்குங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் இருக்கலாம், இடுக்கி உரசினால் பெட்டிக்கு ஆபத்து. வெளித்தோலை 12 மி.மீ. சீவி, வலையைப் பின்னால் மடக்கி, முனையில் உள்ள வெள்ளை நுரையை 6 மி.மீ. எடுங்கள். மாட்டிய பின் கனெக்டர் வாய்க்கு வெளியே நடுக்கம்பி 2 மி.மீ. எட்டிப் பார்த்தால் சரி. வலையின் ஒற்றை இழை நடுக்கம்பியில் பட்டாலும் ஷார்ட். கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் வகைக் கனெக்டரே வாங்குங்கள். கையால் திருகிச் செருகும் மலிவு வகை ஒரு மழைக்காலம் தாண்டாது.

அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றுகிறார்களே, அதைப் பார்த்தாலே எரிச்சல். வெயிலில் பசை இளகி, மழைத் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் என்று கேளுங்கள். இழுத்துப் பிடித்து, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல் ஒன்றின்மேல் ஒன்று ஏறச் சுற்றுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம், அதன் அமிலம் செம்பைத் தின்னும். கடைசியாக, கனெக்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

அடைமழையில் கால் மணி நேரம் படம் போனால் அது மழையின் வேலை, கை வைக்காதீர்கள். வானம் தெளிந்தும் வரவில்லை என்றால்தான் கனெக்டர். பாதி சேனல் வந்து பாதி வராவிட்டால் ரீசார்ஜை மட்டும் சந்தேகிக்காதீர்கள். சிக்னலில் ஒரு பாதிக்கு 13 வோல்ட், மறு பாதிக்கு 18 வோல்ட் வேண்டும், துருப்பிடித்த கனெக்டரில் 18 மேலே போய்ச் சேராது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் பகலில் சில நிமிடம் படம் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால் அது.

டிஷ்ஷை மட்டும் தயவுசெய்து திருப்பாதீர்கள். 60 செ.மீ. டிஷ்ஷின் விளிம்பு 8 மி.மீ. நகர்ந்தால் சிக்னல் பாதியாகிவிடும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் டிஷ் நிற்கும் குழாயில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு செல்போன் டவர் மறைக்கிறது என்பதும் பெரும்பாலும் வீண் சண்டை. கிழக்குத் தீர்க்கரேகை 83 டிகிரியில் உள்ள செயற்கைக்கோள், சென்னையிலிருந்து பார்த்தால் தரையிலிருந்து 74 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கிறது.

இரண்டு டிவிக்குக் கேபிள் டிவி ஸ்பிளிட்டரைப் போட்டு டிஷ் வயரைப் பிரிப்பதும் வேண்டாம். இரண்டு பெட்டியும் ஒரே எல்.என்.பி.க்கு வெவ்வேறு வோல்டேஜ் அனுப்பிச் சண்டை போடும். இரட்டை எல்.என்.பி.யும் தனி வயரும்தான் வழி.

கேபிள் டிவி வீடுகளில், போன் பேசும்போது சில சேனல் மட்டும் உடைந்தால் காரணம் லூஸ் கனெக்டர். 703–748, 824–849 மெகாஹெர்ட்ஸில் போன் அனுப்பும் அலை அந்த இடுக்கு வழியே உள்ளே புகுந்துவிடும். கனெக்டரை மாற்றுங்கள், ஸ்பிளிட்டரில் சும்மா இருக்கும் வாய்க்கு 75 ஓம் மூடி (டெர்மினேட்டர்) போடுங்கள்.

இன்னும் வானொலி கேட்கும் பெரியவர்களுக்கு: மீடியம் வேவில் 720 கிலோஹெர்ட்ஸில் 'கொர்' என்று இரைந்தால் ரேடியோவைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரியில் ஓடவிட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் நின்றால் வீட்டுக்குள்ளேயே மலிவு எல்.இ.டி. பல்போ சார்ஜரோதான் காரணம். ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்டுபிடியுங்கள். நிற்காவிட்டால் ரேடியோவை 90 டிகிரி திருப்பி வையுங்கள், பாதித் தொல்லை குறையும்.

கெஞ்சிக் கேட்பது ஒன்றுண்டு. மணலி, எண்ணூர்ப் பக்கம் இன்னும் தலைக்கு மேல் மின்கம்பி ஓடும் தெருக்களில், இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்தாதீர்கள், கேபிளை எதிர் மாடிக்கு வீசாதீர்கள். அது கம்பியில் விழுந்தால் பிடித்திருப்பவர் உயிர் போய்விடும். கேபிளின் உலோகம் பட்டு லேசாகச் சுருக்கென்றால்கூட ஒரு எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். உதறித் தள்ளினால் உடனே மெயினை அணையுங்கள். மாடி ஈரம் காயும் வரை ஏறவே வேண்டாம், மேட்ச் போனால் போகட்டும்.