மவுத் ஆர்கனுக்கு மைக்: கைக்கு உள்ளேயா, வெளியேயா?

மவுத் ஆர்கன் வாசிப்பவரின் உள்ளங்கைகளைப் பாருங்கள். அவை கருவியைப் பிடித்திருப்பது மட்டும் அல்ல. கூடுபோலக் குவித்தால் ஒலியின் கூர்மை மங்குகிறது. விரித்தால் பளிச்சென்று வெளியே வருகிறது. 'வா-வா' என்ற ஒலி பிறப்பது இப்படித்தான். ஆகவே மைக்கை அந்தக் கூட்டுக்கு உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். பிராண்டு பிறகு.

கையின் வித்தை பதிவில் கேட்க வேண்டுமென்றால் வெளியேதான். கைகளிலிருந்து 30 செ.மீ. தள்ளி, வாய்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, விரல்கள் விரியும் பக்கம் பார்த்துச் சாய்த்துவிடுங்கள். மூக்குக் காற்று கீழ்நோக்கி வரும் என்பதால் மைக்கைத் தாழ்த்தினால் மூச்சும் சேர்ந்து பதிவாகும். 30 செ.மீ. தூரத்தில் வாசிப்பவர் 5 செ.மீ. பின்வாங்கினால் ஒலி ஒரு டெசிபலுக்குச் சற்று மேல்தான் குறையும். 5 செ.மீ. தூரத்தில் வைத்திருந்தால் அதே அசைவுக்கு 6 டெசிபல் போய்விடும்.

சி சுருதியில் அமைந்த 10 துளை மவுத் ஆர்கனின் சுரங்கள் 262 முதல் 2093 ஹெர்ட்ஸ் வரை. காதைக் குத்துவது அவற்றோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்கள் (ஓவர்டோன்கள்). ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்57 மைக் சுமார் 6 கிலோஹெர்ட்ஸில் தூக்கிக் கொடுப்பதால் கீச்சென்ற கருவி இன்னும் கீச்சிடும். மெல்லிய உலோக நாடா அதிர்ந்து ஒலியைப் பிடிக்கும், உயர் அதிர்வெண்களில் மெல்லத் தாழும் ரிப்பன் மைக் இங்கே அருமை. ஆனால் நேரடியாக ஊதும் மூச்சு ரிப்பனைக் கெடுத்துவிடும். மூச்சைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டர் இல்லாமல் வைக்காதீர்கள்.

1950களின் சிகாகோ ப்ளூஸ் ஒலி வேண்டுமா? மைக் கூட்டுக்கு உள்ளே போகட்டும். அஸ்டாடிக் ஜேடி-30, ஷூர் கிரீன் புல்லட் போன்ற உருண்டை மைக்குகளைக் கருவியோடு சேர்த்துக் காற்றுப் போகாமல் பொத்திப் பிடித்து, வால்வு ஆம்பில் (வெற்றிடக் குழாய் ஆம்ப்ளிஃபையரில்) செருகுவார்கள். சுண்டுவிரல் ஓரத்தில் சின்ன இடைவெளி இருந்தாலும் ஒலி மெலிந்துவிடும். மேடைப் பாடகர்களின் எஸ்எம்58 மைக்கையும் பொத்தலாம்தான், ஆனால் கிரில்லுக்குள் (தலைப்பக்கக் கம்பிவலைக்குள்) இருக்கும், பின்பக்க ஒலியைத் தள்ளிவிட உதவும் பின்வழிகள் அடைபடுவதால் அது எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கி, ஆம்பின் ஒலியும் அதில் நுழைந்து, ஆம்ப் ஊளையிடும்.

பழைய ஜேடி-30-இல் ஒலியை மின்சாரமாக மாற்றும் கிரிஸ்டல் ரோஷெல் உப்பு என்ற படிகத்தால் ஆனது. வெயிலில் பூட்டிய காரில் விட்டால் அது செத்துப்போகும். மின்சாரரீதியாக அது ஒரு சிறு கெப்பாசிட்டர். அதனால் மிக்சரின் சாதாரண மைக் இன்புட்டில் செருகினால் அடித்தொனி காணாமல் போகும். 1 மெகாஓம் மின்தடை (இம்பீடன்ஸ்) உள்ள இன்புட்டாவது தேவை. 5 மெகாஓம் இன்னும் நல்லது.

ஆம்பைப் பதிவுசெய்யும்போது எஸ்எம்57-ஐ ஸ்பீக்கர் துணிக்கு 3 செ.மீ. முன்னால், கோனின் மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே வையுங்கள். கூடவே அந்த மைக்குக்கு ஒரு மீட்டர் பின்னால், அறையின் ஒலியைப் பிடிக்க இன்னொரு மைக்கும் (அறை மைக்) வைத்தால் அந்த ஒலி சுமார் 3 மில்லிவினாடி தாமதமாக வரும். இரண்டையும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்று, ஒலி குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், மென்பொருளில் அறை டிராக்கை அந்த அளவு முன்னால் இழுத்துவிடுங்கள்.