நிலநடுக்கத்துக்குப் பிறகும் இயங்க வேண்டும்: கலிஃபோர்னியாவின் மருத்துவமனைக் கட்டடச் சட்டம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்நோயாளிகளைச் சேர்த்துச் சிகிச்சை அளிக்கும் பொது மருத்துவமனைகள் அனைத்தும், வலுவான நிலநடுக்கம் ஒன்று வந்துபோன பின்னரும் தொடர்ந்து இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் கோருகிறது. அதற்கான இறுதிக் கெடு 2030 ஜனவரி 1. வழக்கமான கட்டட விதிகள் இவ்வளவு கேட்பதில்லை. உள்ளே இருப்பவர்கள் உயிருடன் வெளியேறினால் போதும், பிறகு கட்டடத்தை இடிக்க நேர்ந்தாலும் பரவாயில்லை என்பதே அவற்றின் குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. கட்டடம் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதோடு நிற்காமல், அதிர்வு அடங்கிய பிறகு அது எந்த நிலையில் இருக்கும் என்பதை முன்கூட்டியே வரையறுத்து, அந்த இலக்கை நோக்கி வடிவமைப்பதையோ வலுவூட்டுவதையோ பொறியாளர்கள் செயல்திறன் சார்ந்த வடிவமைப்பு என்கிறார்கள்.

1971 பிப்ரவரி 9 அன்று சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கைத் தாக்கிய நிலநடுக்கத்தில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையின் பழைய கட்டடங்கள் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தனர். அருகில் அப்போதுதான் புதிதாகக் கட்டி முடிக்கப்பட்டிருந்த ஆலிவ் வியூ மருத்துவமனையும் பயன்படுத்த முடியாதபடி சிதைந்தது. இதன் விளைவாக 1973இல் அல்குவிஸ்ட் சட்டம் இயற்றப்பட்டு, மருத்துவமனைக் கட்டுமானத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு மாநில அரசின் கைக்கு வந்தது. ஆனால் அச்சட்டம் புதிய கட்டடங்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. பழையவை காலப்போக்கில் தாமாகவே மாற்றிக் கட்டப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை பொய்த்தது. 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தபோது, 1973க்கு முந்தைய மருத்துவமனைக் கட்டடங்கள் பல பெரும் சேதமடைந்தன. அதே ஆண்டில் நிறைவேறிய எஸ்பி 1953 என்ற சட்டம் (1953 என்பது செனட் மசோதாவின் எண், ஆண்டு அல்ல), ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களையும் கட்டுப்படுத்தத் தொடங்கியது.

இச்சட்டம் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு தரநிலைகளைத் தனித்தனியாக வழங்குவதற்கான காரணம் ஆலிவ் வியூவிலேயே தெரிகிறது. 1971இல் அழிந்த அம்மருத்துவமனை மிக உறுதியான எஃகுச் சட்டகங்களும் சுவர்களும் கொண்டு திரும்பக் கட்டப்பட்டிருந்தது; 1994இன் கடும் அதிர்வில் அதன் எலும்புக்கூட்டுக்கு ஏறத்தாழ ஒன்றும் ஆகவில்லை. ஆயினும் தீயணைப்புத் தெளிப்பான் குழாய்களும் குளிர்நீர்க் குழாய்களும் உடைந்து தளங்களில் நீர் பெருகியதால், நோயாளிகளை வேறிடம் மாற்ற வேண்டியதாயிற்று. கட்டடம் நின்றது, மருத்துவமனை நின்றுபோனது.

முதல் தரநிலை கட்டமைப்பைப் பற்றியது. எஸ்பிசி (கட்டமைப்புச் செயல்திறன் வகை) எனப்படும் இது 1 முதல் 5 வரை உண்டு. எஸ்பிசி 1 என்பது இடிந்து விழும் அபாயம் உள்ள கட்டடம். எஸ்பிசி 2 உயிருக்குப் பெரிய ஆபத்தின்றி நிற்கும், ஆனால் பழுதுபார்க்கவோ பயன்படுத்தவோ முடியாமல் போகலாம். 3, 4, 5 ஆகியவை 1973ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இணங்கியவை. அவற்றிலும் எஸ்பிசி 5 மட்டுமே அதிர்வுக்குப் பின் சேவையைத் தொடரும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது. ஆனால் 3 முதல் 5 வரை எதுவாயினும் 2030க்குப் பிறகும் பயன்படுத்தலாம். ஆகவே, எல்லா மருத்துவமனைகளும் தொடர்ந்து இயங்க வேண்டும் என்ற சட்டத்தின் கோரிக்கையை அப்படியே எடுத்துக்கொள்வது சரியாகாது என்பது என் கருத்து.

இரண்டாவது தரநிலையான என்பிசி (கட்டமைப்பு சாராச் செயல்திறன் வகை), தூண்களையும் விட்டங்களையும் சாராத அனைத்தையும் அளக்கிறது. என்பிசி 2 பெற, தகவல்தொடர்பு, அவசர மின்சாரம், மருத்துவ வாயுத் தொட்டிகள், தீ எச்சரிக்கை, வெளியேறும் வழியின் விளக்குகள் ஆகியவை உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். என்பிசி 3 அந்தக் கட்டுப்பாட்டைத் தீவிர சிகிச்சைப் பகுதி, ஆய்வகம், மருந்தகம், எக்ஸ்ரே பிரிவு, கிருமிநீக்கப் பிரிவு ஆகியவற்றுக்கு நீட்டிக்கிறது; என்பிசி 4 கட்டடம் முழுவதற்கும். உச்சமான என்பிசி 5இல், வெளி உதவி இல்லாமலே 72 மணி நேரம் தாக்குப்பிடிக்கும் அளவுக்குத் தண்ணீர், கழிவுநீரைத் தேக்கிவைக்கும் தொட்டி, மின்னாக்கிக்கான எரிபொருள் ஆகியவை வளாகத்திலேயே இருக்க வேண்டும். மாநகராட்சிக் குழாயும் மின்கம்பியும் அறுந்துபோகும் என்று முன்கூட்டியே கருதும் இந்த விதிதான், என் பார்வையில், சட்டத்தின் மிக விவேகமான பகுதி.

எஸ்பிசி 1 கட்டடங்களை 2008க்குள் விலக்கிவிட வேண்டும் என்பதே முதல் திட்டம். கெடு பலமுறை தள்ளிப்போடப்பட்டது. மருத்துவமனைக்கு உள்ள வழிகள் மூன்று: வலுவூட்டுவது, புதிதாகக் கட்டுவது, அல்லது அக்கட்டடத்தை உள்நோயாளி சேவையிலிருந்து விலக்கி அலுவலகமாகவோ புறநோயாளிப் பிரிவாகவோ மாற்றுவது. வலுவூட்டலில் புதிய கான்கிரீட் சுவர்கள், எஃகுக் குறுக்குச் சட்டங்கள், தூண்களைச் சுற்றிய உறைகள் முதலியவை பயன்படுகின்றன. நோயாளிகளை வைத்துக்கொண்டே பகுதி பகுதியாக வேலை செய்ய வேண்டியிருப்பதால் செலவும் காலமும் பெருகுகின்றன. புதிதாகக் கட்டுவோர் ரப்பர் தாங்கிகளின் மீது கட்டடத்தை அமர்த்தி அதிர்வைக் குறைக்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் அவ்வாறு கட்டப்பட்ட தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவமனை 1994இல் தடையின்றி இயங்கியது.

செலவுதான் தீராத தகராறு. 2030 இலக்கை எட்ட 3,400 கோடி முதல் 14,300 கோடி டாலர் வரை ஆகலாம் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது. பெரும்பகுதியை மருத்துவமனைகளே சுமக்க வேண்டும் என்பதால், சிறிய ஊர்களில் உள்ளவை மூடப்படும் என்ற அச்சம் வெறும் சாக்கு அல்ல. அவற்றில் சிலவகை மருத்துவமனைகள் கூடுதல் அவகாசம் கோர 2024இல் சட்டம் வழிசெய்தது.

பொதுமக்கள் தங்கள் மருத்துவமனையின் நிலையை மாநில நலவாழ்வு அணுகல் மற்றும் தகவல் துறையின் பதிவுகளில் பார்க்கலாம். தரநிலை மருத்துவமனைக்கு அல்ல, கட்டடத்துக்கே வழங்கப்படுகிறது. ஒரே வளாகத்தில் எஸ்பிசி 5 கட்டடமும் எஸ்பிசி 2 கட்டடமும் அடுத்தடுத்து இருக்கலாம். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2030 விதிகளை இன்னும் நிறைவேற்றாத மருத்துவமனைகள் அதைத் தெரிவிக்கும் அறிவிப்பை நோயாளிகள் காத்திருக்கும் கூடங்களில் ஒட்ட வேண்டும். வெளியே தனியாக இயங்கும் கிளினிக்குகளும் மருத்துவர் அலுவலகங்களும் இந்தத் தரநிலைகளுக்குள் வருவதில்லை.