தயவுசெய்து அந்த டோக்கனைத் துலக்காதீர்கள்

இந்த வாரமும் ஒன்று வந்துவிட்டது. 1840 அமெரிக்க அதிபர் தேர்தலில் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்காக அடித்த பித்தளைப் பிரசாரப் பதக்கம், டோக்கன் என்று நாங்கள் சொல்வது. ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் மரக்குடில். அதைப் பற்பசை போட்டுத் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்கி விற்கக் கொண்டுவந்திருந்தார் ஒருவர். அவர் எதிர்பார்த்த விலைக்கும் நான் சொல்ல வேண்டியிருந்த விலைக்கும் நடுவே இருந்தது அந்தப் பற்பசைதான்.

எத்தனை முறைதான் சொல்வது, அது அழுக்கு இல்லை! செம்பும் பித்தளையும் காற்றோடு சேர்ந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உருவாக்கிக்கொண்ட படலம் அது. தேய்த்தால் படலம் மட்டும் போவதில்லை, அடியில் இருக்கும் உலோகமும் சேர்ந்து போகிறது, அச்சு அழுந்தியபோது மேற்பரப்பில் விழுந்த நுண்ணிய கோடுகளும் போகின்றன, அசல் மினுமினுப்பே அந்தக் கோடுகளால் வருவதுதான், அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பூஜைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கலாம், கறுத்தால் மறுபடி துலக்கலாம், சரி. டோக்கனுக்கு மேற்பரப்புதான் மதிப்பே. செயற்கையாகக் கறுக்க வைத்தாலும் லென்ஸின் கீழ் தேய்த்த கீறல்கள் தெரிந்துவிடும். 1789இல் வாஷிங்டன் பதவியேற்புக்காகச் செய்த பொத்தான்களில் சில வெள்ளி முலாம் பூசியவை, அவற்றைத் தேய்த்தால் முலாமே போய்விடும்.

துளை இருக்கிறதே என்று பதறாதீர்கள். இந்தப் பதக்கங்கள் பலவற்றை நாடாவில் கோத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்கள். துளையை அடைக்கவும் வேண்டாம்.

அப்புறம் போலிகள். அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படிப்பட்ட அரசியல் பதக்கங்கள், பொத்தான்களின் நகல்களில் தயாரித்த ஆண்டைப் பொறிக்க வேண்டும். அதற்கு முன் செய்த நகல்களில் அது இருக்காது, ஏமாற்றுகிறவனும் பொறிக்க மாட்டான், ஆகவே ஆண்டு இல்லை என்பது அசல் என்பதற்கு ஆதாரமே இல்லை. விளிம்பைப் பாருங்கள். அச்சில் அடிக்காமல் உருக்கி வார்த்த நகலில் வரும் இணைப்புக் கோடோ குமிழ்க் குழிகளோ தெரிந்தால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறைகளை இன்றே தூக்கிப் போடுங்கள், அதிலிருந்து பச்சைப் பிசுபிசுப்பு இறங்கிச் செம்பை அரிக்கும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் படக் கூடாது. யாரிடம், எப்போது வாங்கினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். சந்தேகம் இருந்தால் இருக்கிறபடியே கொண்டு வாருங்கள், எவ்வளவு கறுத்திருந்தாலும் பரவாயில்லை.