"தொடாதேன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன் டாக்டர்"

குழந்தைகள் அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்த வரி மனப்பாடம். கையில் பாதி காலியான டாய்லெட் கிளீனர் பாட்டிலோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவரும் அம்மா அழுதபடியே சொல்வார், "தொடாதேன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன் டாக்டர், அவனுக்கே தெரியும், கேட்டா திரும்பச் சொல்லுவான்." அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நூறு தடவை சொல்லியிருப்பார். அந்த இரண்டரை வயதுப் பையனும் விரலை ஆட்டி ஆட்டி "தொதக்கூதாது" என்று மழலையில் சொல்லிக் காட்டியிருப்பான். அப்புறம் அம்மா போன் எடுக்கப் போன ஒரு நிமிஷத்தில் அதே பாட்டிலை எடுத்து வாயில் வைத்திருப்பான்.

இரண்டு மூன்று வயதில் ஒரு விதியை ஒப்பிக்க முடியும். ஆனால் பளபளவென்று நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு திரவம் கண்ணில் படும்போது, அந்த விதியை நினைத்துப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் பழக்கம் அந்த வயது மூளைக்கு இன்னும் வந்திருக்காது. வாயில் வைத்துப் பார்ப்பதுதான் அவர்கள் உலகத்தை அறிந்துகொள்ளும் வழி. அதனால் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: சொல்லிக்கொடுப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பாடத்தை நம்பி பாட்டிலை சிங்க்குக்குக் கீழே வைக்காதீர்கள். கைக்கு எட்டாத உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பூட்டி வையுங்கள். உயரம் மட்டும் போதாது, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும் குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

1971-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 'மிஸ்டர் யக்' என்று ஒரு ஸ்டிக்கரை உருவாக்கினார்கள். நாக்கை வெளியே நீட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கும் ஒரு பச்சை முகம். அதுவரை விஷத்துக்கு அடையாளமாக இருந்த மண்டையோடும் எலும்புகளும் குழந்தைகளுக்குக் கடற்கொள்ளையர் விளையாட்டைத்தான் நினைவூட்டின, பயத்தை உண்டாக்கவில்லை என்பதுதான் காரணம். நல்ல யோசனைதான், உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் பின்னாளில் சோதித்துப் பார்த்தபோது, இந்த ஸ்டிக்கரைப் பார்த்துச் சின்னக் குழந்தைகள் விலகிப்போகவில்லை என்று தெரிந்தது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கு ஸ்டிக்கர் என்றாலே பிடிக்கும், இல்லையா? கிட்டே வந்து உரித்துப் பார்க்கும்.

சிறுவர் திறக்க முடியாத மூடி இருக்கிறதே என்பார்கள். அதைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த மூடியை நம்பித்தான் பல வீடுகளில் அசட்டையாக இருக்கிறார்கள். 1970-ல் அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன்படி நடக்கும் சோதனையில் 42 முதல் 51 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் பாட்டிலைக் கொடுத்து ஐந்து நிமிஷம் விடுவார்கள். பிறகு எப்படித் திறப்பது என்று ஒருமுறை செய்துகாட்டி, வேண்டுமானால் பல்லாலும் கடிக்கலாம் என்று சொல்லி, இன்னும் ஐந்து நிமிஷம் கொடுப்பார்கள். பத்து நிமிஷ முடிவில் 80 சதவீதக் குழந்தைகளால் திறக்க முடியாவிட்டால் மூடி தேறிவிட்டது. அதாவது, தேறிய மூடியைக்கூட ஐந்தில் ஒரு குழந்தை திறந்துவிடலாம். அந்த மூடி நமக்குச் சில நிமிஷ அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். அதுவும் நாம் கடைசிவரை திருகி மூடியிருந்தால்.

என்னிடம் வரும் விபத்துகளில் மனதை ரொம்ப வலிக்கச் செய்பவை பாட்டில் மாற்றி ஊற்றி வைத்ததால் நடப்பவை. பெரிய கேனில் இருந்த பினாயிலைக் கொஞ்சம் தண்ணீர் பாட்டிலில், பெயிண்ட் தின்னரைக் குளிர்பான பாட்டிலில், மண்ணெண்ணெயை ஏதோ ஒரு காலி பாட்டிலில். அந்த இடத்தில் குழந்தை எந்த விதியையும் மீறவில்லை. தண்ணீர் பாட்டிலில் இருப்பது தண்ணீர் என்று நாம்தான் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம், அது அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்திருக்கிறது. பெரியவர்களே இப்படி ஏமாந்து குடித்துவிட்டு வருகிறார்கள் என்றால் குழந்தையை என்ன சொல்வது. தயவுசெய்து, எந்தக் காரணத்துக்காகவும் அசல் பாட்டிலிலிருந்து மாற்றாதீர்கள். உணவுப் பொருளும் துப்புரவுப் பொருளும் ஒரே அலமாரியில் வேண்டாம்.

ஒரு வாய்தானே, கொஞ்சம்தானே என்று நினைக்கத் தோன்றும். இரண்டு வயதுக் குழந்தையின் ஒரு மடக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், 5 மில்லி. சிங்க் அடைப்பு நீக்கும் திரவமாக இருந்தால் அது போதும். அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு நேரெதிரான ரசாயன வகை). அமிலம் நாக்கில் பட்டதுமே எரியும் என்பதால் குழந்தை பல நேரம் துப்பிவிடும், ஆனால் காரத்துக்குப் பெரிதாக வாசனையோ சுவையோ இருக்காது, அதனால் உள்ளே போய்விடும். போனதும் திசுவில் உள்ள கொழுப்பைக் கரைத்துக்கொண்டே ஆழமாக இறங்கும், கொழுப்பும் காரமும் சேர்ந்து சோப்பு ஆகிறதே, அதே வினைதான், உணவுக்குழாயின் சுவரில் நடக்கிறது. வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாமல், எண்டோஸ்கோபியில் உள்ளே வெந்துபோயிருப்பதைப் பார்க்கும் நாட்கள் உண்டு. சில வாரங்கள் கழித்துப் புண் ஆறும்போது தழும்பு சுருங்கி உணவுக்குழாய் குறுகிவிடும். அப்புறம் அந்தக் குழந்தையை மயக்கம் கொடுத்து, குழாயை விரித்து, மறுபடி சுருங்க, மறுபடி விரித்து என்று மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் வரவழைக்க வேண்டியிருக்கும். ஒரு மடக்குக்கு இவ்வளவு.

மண்ணெண்ணெயும் தின்னரும் வேறு வகை. வயிற்றில் செய்வதைவிட நுரையீரலில்தான் நாசம் செய்யும். குடிக்கும்போது இருமலோடு ஒரு துளி மூச்சுக்குழாய்க்குள் போனாலும் ரசாயன நிமோனியா வந்துவிடும். பூச்சி வராமல் துணி அலமாரியில் போடும் நாப்தலீன் உருண்டை, ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், அந்தக் குறைபாடு தங்கள் பிள்ளைக்கு இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. ஆல்கஹால் கலந்த சானிட்டைசரைக் குடித்தால் சின்னக் குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரி துப்புரவுப் பொருள் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை: உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டே மணி நேரத்தில் துளைக்கும் அளவுக்குப் புண்ணாக்கும்.

சரி, எப்போது, எதைச் சொல்லிக்கொடுப்பது?

நான்கைந்து வயதில் ஒரே ஒரு பழக்கம் போதும்: என்னவென்று தெரியாததை வாயில் வைக்கும் முன், முகரும் முன், பெரியவரிடம் கேட்க வேண்டும். "இது விஷம், செத்துப்போயிடுவே" என்று பயமுறுத்துவதால் பெரிய பலன் இல்லை. பயந்த குழந்தை குடித்துவிட்டால் ஒளித்துவைக்கும், நமக்குத் தெரியவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். கேட்டால் திட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் "அம்மா, நான் அதைக் குடிச்சிட்டேன்" என்று ஓடிவந்து சொல்லும். இன்னொன்று, மருந்தையோ சிரப்பையோ "மிட்டாய்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

ஆறேழு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்ததும் லேபிளைக் காட்டலாம். ஐ.நா. சபை 2003-ல் வெளியிட்ட ரசாயன அடையாள முறையில் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் ஒன்பது படங்கள் உண்டு, பல நாடுகளில் வீட்டுப் பொருட்களிலும் இவற்றைப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு இது நன்றாகப் பிடிக்கிறது. முக்கியமாக ஒரு கைமேல் திரவம் ஊற்றி அந்தக் கை அரிக்கப்படுவது போன்ற படம், அதைப் பார்த்ததும் விளக்கமே தேவைப்படுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள, குழந்தை படத்தைக் கண்டுபிடித்து நோட்டில் வரையட்டும். இந்த விளையாட்டில் பெரியவர்களும் நிறையக் கற்றுக்கொள்கிறார்கள், லேபிளை அவர்களே அன்றுதான் முதல்முறை படிக்கிறார்கள்.

எட்டு ஒன்பது வயதில் கண்டிப்பாகச் சொல்லவேண்டியது: இரண்டு பொருளை ஒன்றாகக் கலக்கக் கூடாது. அம்மாவுக்குத் தெரியாமல் பாத்ரூமைக் கழுவி வைத்து அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்த ஒரு ஒன்பது வயதுப் பெண்ணை என்னால் மறக்க முடியாது. டாய்லெட் ஆசிட்டை ஊற்றியிருக்கிறாள், கறை போகவில்லை, மேலே ப்ளீச்சையும் ஊற்றியிருக்கிறாள், கதவையும் சாத்திக்கொண்டு. ப்ளீச்சில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், 1915-ல் முதல் உலகப் போரில் ஈப்ர் போர்க்களத்தில் ஆயுதமாகத் திறந்துவிடப்பட்ட அதே வாயு. நல்லவேளை, இருமலோடு வெளியே ஓடிவந்துவிட்டாள். இரண்டு நாள் ஆக்சிஜனோடு வார்டில் இருந்தாள். "நான் ஹெல்ப்தான் பண்ணேன்" என்று முகமூடிக்குள்ளிருந்து அவள் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் செய்ததில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அவளுக்கு யாரும் இதைச் சொன்னதில்லை, அவ்வளவுதான். ப்ளீச்சோடு அமோனியா உள்ள கிளீனர் சேர்ந்தாலும் குளோராமின் என்ற நச்சு வாயு வரும். ப்ளீச்சோடு வினிகரும் கூடாது. தண்ணீரைத் தவிர வேறு எதையுமே ப்ளீச்சோடு சேர்க்காதே என்று சொல்லிவிட்டால் குழந்தைக்கு நினைவில் வைத்துக்கொள்வது சுலபம்.

இவ்வளவையும் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையைக் குறைக்கவும் வழி இருக்கிறது: வீட்டில் பாட்டில்களைக் குறைப்பது. என்னிடம் வரும் பெற்றோரிடம் எத்தனை துப்புரவுப் பொருள் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்வேன். தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று, டைல்ஸுக்கு ஒன்று, இப்படிப் பத்தைத் தாண்டும். அன்றாட அழுக்குக்குச் சோப்புத் தண்ணீரும் ஒரு நல்ல துணியும் போதும். கிருமியைக் கொல்லும் திரவம் வீட்டில் யாராவது வாந்தி பேதியோடு படுத்திருக்கும்போதோ, பச்சை இறைச்சி பட்ட இடத்துக்கோ வேண்டியிருக்கலாம். அப்போதும் லேபிளில் சொன்ன நேரம்வரை அந்த இடம் ஈரமாக இருக்க வேண்டும், தெளித்த உடனே துடைத்துவிட்டால் பலன் கிடைக்காது. உப்புக்கறைக்கு வினிகர் அல்லது சிட்ரிக் அமிலம், பாத்திரத்தில் அடிப்பிடித்ததற்குச் சமையல் சோடா. ஆனால் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்குவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஒன்றை ஒன்று சமன்செய்து கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் சோடியம் அசிட்டேட் என்ற உப்பும்தான். தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் வேலை செய்யும்.

"இயற்கை" என்று எழுதியிருந்தால் பாதுகாப்பு என்ற எண்ணமும் தவறு. யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் இயற்கையில் இருந்து வருபவைதான், சின்னக் குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். அதனால் பாதுகாப்பான பொருளையும் உள்ளே பூட்டித்தான் வைக்க வேண்டும். சுத்தம் செய்ய ஆசைப்படும் குழந்தையைத் தடுக்க வேண்டாம், ஈரத்துணியும் சோப்புத் தண்ணீரும் கொடுத்து மேஜையைத் துடைக்கச் சொல்லுங்கள். வீரியமான எதையாவது நீங்கள் பயன்படுத்தும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து, குழந்தையை வேறு அறைக்கு அனுப்பி, காலிங் பெல் அடித்தால் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். நிறைய விபத்து, அலமாரியில் இருக்கும்போது இல்லை, பாட்டில் வெளியே வேலையில் இருக்கும்போதுதான் நடக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நடந்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், தொண்டையில் விரல், எதுவும் வேண்டாம். உள்ளே போகும்போது சுட்டது வெளியே வரும்போது மறுபடி சுடும், மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போகும். ஒரு காலத்தில் வாந்தி எடுக்க வைக்க இபிகாக் சிரப்பை வீட்டில் வைத்திருக்கச் சொன்னவர்களும் மருத்துவர்கள்தான், 2003-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. காரத்தைக் குடித்தால் எலுமிச்சைச் சாறு கொடுத்துச் சமன்செய்யலாம் என்பதும் வேண்டாம். வாயில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட்டு, கொப்பளிக்கத் தெரிந்த குழந்தையானால் கொப்பளிக்கச் சொல்லி, விஷமுறிவு உதவி எண்ணையோ மருத்துவமனையையோ உடனே அழையுங்கள், குடிக்க எதையும் அவர்களைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கண்ணில் பட்டால் முதலில் குழாய்த் தண்ணீர், குறைந்தது 15 நிமிஷம், குழந்தை கத்தினாலும் விடாமல், அதன்பிறகுதான் வண்டி ஏறுவது. மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு இருந்தால் வேறு எதற்கும் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

வரும்போது அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள், கிழியாத லேபிளோடு. எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது, எத்தனை மணிக்கு நடந்தது என்பதும் வேண்டும். நாங்கள் கேட்கப்போகும் முதல் கேள்விகள் அவைதான்.